பாட்டியின் வாழ்க்கையை எழுதி வைக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் அப்பாயி போனபோது அவரைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று அச்சடித்து, காரியத்துக்கு வந்தவர்கள் கையில் கொடுத்தோம். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஆள்தான் மாறுகிறது, சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எங்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டுப் பக்கம் என்பதால் உதாரணங்களும் அந்தப் பக்கத்தவைதான். நான் அப்பாயி என்று எழுதும் இடத்தில் உங்கள் வீட்டு அப்பத்தா, ஆச்சி, அம்மாயி, அம்மம்மா யாரையும் வைத்துக்கொள்ளலாம்.

எங்க அப்பாயி வயக்காட்டைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. எழுதுற அளவுக்கு என்ன இருக்கு?

பெரும்பாலும் முதல் கேள்வியே இதுதான். அவர் என்னென்ன வேலை செய்தார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்தாயத்தில் எந்த நெல் எவ்வளவு நாள் வரும் என்று கணக்குப் போட்டது யார்? விதைநெல்லை எடுத்துச் சமைத்துவிடாமல் காத்தது யார்? எங்கள் அப்பாயிக்கு எழுத்து தெரியாது. பால் கணக்கை அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். ஊற்றாத நாளுக்குக் கோட்டுக்குப் பதில் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் பால்காரர் நோட்டும் சுவரும் ஒத்துப்போகாவிட்டால் திருத்தப்படுவது நோட்டுதான்.

"அன்பின் திருவுருவம், தியாகச் சுடர்" என்று எழுதினால் அது எந்த வீட்டுப் பாட்டிக்கும் பொருந்தும். பால் கணக்குப் புள்ளி அவர் ஒருவருக்குத்தான் பொருந்தும்.

உயிரோட இருக்கும்போதே எழுதலாமா? நாள் குறிக்கிற மாதிரி ஆயிடாதா?

தாராளமாக எழுதலாம். பெரியவர்கள் சங்கடப்பட்டால் "எழுதி வைக்கிறோம்" என்று சொல்ல வேண்டாம். "நம்ம பிள்ளைங்களுக்குக் கதை சொல்லுங்க" என்றால் போதும். சதாபிஷேகம் வைக்கிற வீட்டுக்காரர்கள் அதையே சாக்காக வைத்துத் தொடங்கலாம்.

பிறந்த தேதி தெரியாது. ஆதார்ல ஜனவரி 1னு இருக்கு. அதையே போட்டுடலாமா?

வேண்டாம். ஆதாருக்குப் பதிவு செய்தபோது வயதை மட்டும் சொன்னவர்கள் பலருக்கு ஜனவரி 1 என்று விழுந்திருக்கிறது. அது அலுவலகத்துக்கான தேதி. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பழைய பத்திரம் மூன்றையும் எடுத்துப் பாருங்கள், மூன்றிலும் வயது வேறு வேறாக இருக்கும். பத்திரத்தில் "வயது சுமார் 30" என்றே எழுதியிருப்பார்கள்.

வருஷத்தைக் கண்டுபிடித்தால் "1933 வாக்கில்" என்று போடுங்கள். முடியாவிட்டால் "1930-களின் தொடக்கத்தில்" என்பதே நேர்மையான எழுத்து. அந்தக் காலத்தில் பிறப்பு, இறப்பு கணக்கைக் கிராம அதிகாரிதான் வைத்திருந்தார். பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. அதற்கு முந்தைய பதிவேடு மிஞ்சியிருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் குழந்தைக்குப் பேர் வைக்கும் முன்பே பதிந்திருந்தால் "இன்னாருக்குப் பெண் குழந்தை" என்று மட்டும்தான் இருக்கும். அதனால் தகப்பனார் பேரைச் சரியாகத் தெரிந்துகொண்டு போங்கள்.

"தாது வருஷம் பொறந்தேன்"ங்கிறாங்க. தாது வருஷப் பஞ்சம் 1876 ஆச்சே?

தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். பஞ்சம் வந்த தாது 1876-ல் தொடங்கியது. அடுத்த தாது 1936 சித்திரையிலிருந்து 1937 பங்குனி வரை. உங்கள் பாட்டி பிறந்தது இரண்டாவது தாதுவில். பஞ்சக் கதையையும் சேர்த்துச் சொல்கிறார் என்றால் அது அவருடைய பாட்டியிடம் கேட்ட கதை. இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட ஒரு பிடி: பிரபவ 1927, ஆங்கிரச 1932, பவ 1934, தாது 1936, விஷு 1941, பார்த்திப 1945, சர்வசித்து 1947. நடுவில் உள்ளவற்றைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நிரப்பலாம். பலரும் சறுக்கும் இடம் தை, மாசி, பங்குனி மாதங்கள். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், ஆங்கிரச வருஷம் மாசி மாதம் என்றால் 1932 அல்ல, 1933 பிப்ரவரி-மார்ச்.

தமிழ் வருஷமும் தெரியலைன்னா?

ஊரில் நடந்த பெரிய சம்பவங்களை வைத்துப் பிடிக்கலாம். எங்கள் பக்கத்தில் முதல் அடையாளம் புது ஆறு, கல்லணைக் கால்வாயை அப்படித்தான் சொல்வோம். மேட்டூர் அணையும் அதோடு சேர்ந்த இந்தக் கால்வாயும் 1934-ல் திறக்கப்பட்டன. அப்பாயி தன் வயதைச் சொன்னதே கிடையாது. "புது ஆத்துல தண்ணி வந்தப்ப எங்கம்மா என்னை இடுப்புல வச்சுக்கிட்டுப் போய்ப் பார்த்துச்சாம்" என்று மட்டும் சொல்வார். இடுப்புக் குழந்தை என்றால் ஒன்று, ஒன்றரை வயது. பிறந்தது மாசி மகத்துக்கு அடுத்த நாள் என்றும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆக 1933 மாசி என்று முடிவு செய்தோம்.

புயல்களும் உதவும். 1952 நவம்பர் கடைசியில் ஒன்று, 1955-ல் ஏறக்குறைய அதே நாட்களில் இன்னொன்று, 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினம் பக்கம் ஒன்று, 2018 நவம்பர் 16-ல் கஜா. ராமேசுவரம் பக்கத்தவர்களுக்கு 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்த புயல். மதுரைப் பக்கம் வைகை அணை திறந்த 1959. "புயலப்போ வயசு என்ன?" என்று கேட்டால் பதில் வராது. "புயலப்போ யாரு கைக்குழந்தை? எந்த மாடு செத்துச்சு?" என்று கேளுங்கள், வந்துவிடும். 1952-ஐயும் 1955-ஐயும் பலர் ஒன்றாகக் குழப்புவார்கள். அதைப் பிரிக்கப் பிள்ளைகளின் வயதுதான் வழி.

நாலணா கூலி, பதிமூணு ரூபாய்க்குப் பவுன்னு சொல்றாங்க. அதை வச்சுக் காலத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ல். அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆனால் நாலணா, எட்டணா என்ற பேச்சு அதற்குப் பின்பும் வெகுகாலம் 25 பைசா, 50 பைசாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நாலணாவை நம்பாதீர்கள். ஓட்டைக் காலணா என்றால் நம்பலாம். நடுவில் ஓட்டை போட்ட அந்தக் காசு 1943 முதல் 1947 வரைதான் அடிக்கப்பட்டது.

பவுன் பதிமூன்று ரூபாய்ச் சொச்சம் என்பது 1931-க்கு முந்தைய சில வருஷங்களின் விலை. 1933-ல் பிறந்தவர் தன் கல்யாணத்தில் அந்த விலை என்று சொன்னால், அது அவருடைய அம்மா கல்யாணக் கதை. பொய் சொல்லவில்லை, கேட்டுக் கேட்டு தன்னுடையதாகிவிட்டது.

வீட்ல ஓலை ஜாதகமும் பழைய பத்திரமும் கிடக்கு. அதுல உள்ள வருஷம் எதுவும் புரியலை.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்க ஓலை என்றால் கொல்லம் ஆண்டாக இருக்கலாம். ஆங்கில வருஷம் கிடைக்க 824 கூட்டுங்கள். ஆவணியில் தொடங்கும் ஆண்டு என்பதால் தை பிறந்த பிறகுள்ள தேதிகளுக்கு 825. வருவாய்த் துறைக் காகிதம் என்றால் பசலி ஆண்டு, அது ஜூலையில் தொடங்கும். 590 கூட்டினால் அந்தப் பசலி ஜூலையில் தொடங்கிய ஆண்டு கிடைக்கும். பசலி 1347 என்றால் 1937 ஜூலை முதல் 1938 ஜூன் வரை.

பத்திரத்தில் நிலத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். "இன்னார் மகளும் இன்னார் மனைவியுமான" என்ற வரியில் கொள்ளுத்தாத்தாவின் பேர் இருக்கும். கீழே இடதுகைப் பெருவிரல் ரேகை இருக்கும். எழுதத் தெரியாத பெண் இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே கையொப்பம் அதுவாக இருக்கலாம். எங்கள் புத்தகத்தில் அதைப் பெரிதாக்கி ஒரு முழுப்பக்கம் போட்டோம்.

பத்திரத்துல ஒரு பேர், ஊர்ல கூப்பிடுறது ஒரு பேர். எதைப் போடுறது?

இரண்டையும். மாமியாருக்கு அதே பேர் என்பதால் மருமகளுக்கு வேறு பேர் வைத்துக் கூப்பிட்ட வீடுகள் ஏராளம். நாலாவதும் பெண் என்று "போதும்பொண்ணு" என வைத்த பேரைப் பிறகு பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அட்டையில் ஊர் கூப்பிட்ட பேர், உள்ளே ஆவணப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழில் மட்டும் ஆவணப் பேரே இருக்கட்டும், இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதையும் துக்கத்தில் மறந்துவிடாதீர்கள்.

கேட்டா "எனக்கென்னப்பா தெரியும்"னு சொல்லிடுறாங்க. எப்படிப் பேச வைக்கிறது?

எதிரே உட்கார்ந்து கேள்வித்தாளை நீட்டினால் அப்படித்தான் சொல்வார். கீரை ஆயும்போது, பூக்கட்டும்போது, வெற்றிலை இடிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" வேண்டாம். "முதன்முதலா இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரி என்ன குழம்பு?" என்று கேளுங்கள். பொருளைக் கையில் கொடுப்பதும் வேலை செய்யும். எங்கள் வீட்டுப் பரணிலிருந்து நெல் அளக்கும் மரக்காலை இறக்கிக் கொடுத்தோம். கையில் வாங்கியதும் விளிம்பைத் தடவி, "இது கள்ள மரக்கால், அளவு கம்மி, கூலி அளக்க மட்டும். மத்ததுக்கு வேற ஒண்ணு உண்டு" என்றார். பக்கத்தில் இருந்த பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று மட்டும் மூன்று தலைமுறைக் கதை வந்தது.

அளவுகளை அவர் சொன்னபடியே எழுதுங்கள். மா, குழி, கலம், மரக்கால் எல்லாவற்றையும் ஏக்கராகவும் கிலோவாகவும் மாற்றினால் பேச்சு செத்துவிடும். வேண்டுமானால் ஓரத்தில் குறிப்புக் கொடுங்கள்: நூறு குழி ஒரு மா, மா என்பது கிட்டத்தட்ட 33 சென்ட். மரக்கால் ஊருக்கு ஊர் மாறும், கள்ள மரக்கால் வீட்டுக்கு வீடு மாறும்.

வீடியோ எடுக்கலாமா, குரல் மட்டும் போதுமா?

முதலில் குரல். கேமராவைப் பார்த்தால் புடவையைச் சரி செய்வதிலேயே கவனம் போய்விடும். போனில் இருக்கும் ரெக்கார்டரே போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். பதிவு ஓடுகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். பழகிய பிறகு கைகளை மட்டும் வீடியோ எடுங்கள்: முறுக்குச் சுற்றுவது, நாற்று முடி கட்டுவது. இதைப் பேச்சால் சொல்லிவிட முடியாது.

ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் தலைப்பும் அன்றைக்கே போட்டு, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதைப் பத்திரப்படுத்தியதாக நினைக்காதீர்கள்.

தாத்தா பேரைச் சொல்லவே மாட்டேங்கிறாங்க.

சொல்ல மாட்டார், வற்புறுத்தாதீர்கள். "பழனியில இருக்க சாமி பேரு" என்று சுற்றி வளைத்துச் சொல்வதை அப்படியே எழுதினால் அதுவே அழகாக இருக்கும். பேரை நீங்கள் வேறிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

ஒப்பாரி நல்லாப் பாடுவாங்க. பாடச் சொல்லிப் பதியலாமா?

வீட்டுக்குள் வேண்டாம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பது ஊர் நம்பிக்கை. கேட்டால் வாயை மூடிக்கொள்வார், வருத்தமும் படுவார். களத்துமேடு, தோப்பு என்று வெளியில் உட்கார்ந்து, "சின்ன வயசுல கேட்டதைச் சொல்லுங்க" என்றால் சிலர் பாடுவார்கள். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மிக்கு இந்தத் தடை இல்லை, அவற்றிலிருந்து தொடங்குங்கள். பாட்டில் வரும் ஊர்ப் பேரையும் ஆள் பேரையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முன்னாடியே தெரியாமப் போச்சு. அவங்க போயிட்டாங்க. இனி யாரைக் கேக்குறது?

மகன்களிடம் போகாதீர்கள். "எங்கம்மா தெய்வம்" என்று சொல்லி அழுதுவிடுவார்கள். மருமகள்களிடம் போங்கள். ஒரே அடுப்படியில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குத்தான் அவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார், யாருக்கு ஒளித்துக் கொடுப்பார், எதைக் கண்டால் பயம் என்பதெல்லாம் தெரியும். எங்கள் புத்தகத்தில் நன்றாக வந்த பக்கங்கள் எல்லாம் சின்ன மருமகள் சொன்னவை. அவர் அப்பாயியோடு அதிகம் சண்டை போட்டவர்.

பிறகு அவரோடு நடவுக்கு இறங்கிய பெண்கள், கூட்டாளிகள், பிறந்த வீட்டு ஆட்கள். பிறந்த ஊருக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே அவர் பாட்டி அல்ல, யாருக்கோ தங்கச்சி.

பிறந்து செத்துப்போன பிள்ளைங்களையும் எழுதணுமா?

எழுதுங்கள். "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் இருப்பவர்களைச் சொல்வார்கள். "எத்தனை பெத்தீங்க?" என்று கேட்டால் வேறு எண் வரும். அப்பாயி ஆறு என்றார், எங்களுக்குத் தெரிந்தது நாலு. ஒன்று அம்மை கண்டு போனது, இன்னொன்று பேர் வைப்பதற்குள் போனது. புத்தகத்தில் பிறந்த வரிசையில் ஆறு பேரையும் போட்டு, பேர் இல்லாத பிள்ளைக்கு "பெண்" என்று மட்டும் எழுதினோம். இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள்.

வம்சாவளி போட்டா ஒரே ஆள் ரெண்டு இடத்துல வர்றாங்களே?

அக்கா மகளையும் அத்தை மகளையும் கட்டிய குடும்பத்தில் அப்படித்தான் வரும். என் பெரியப்பா தன் அக்கா மகளைக் கட்டினவர். பெரியம்மா அப்பாயிக்கு மருமகள், மகள் வயிற்றுப் பேத்தியும் அவரே. மரமாக வரைந்தால் கிளைகள் ஒன்றோடொன்று முட்டும். ஒரு இடத்தில் முழுப் பேரையும், இன்னொரு இடத்தில் "பக்கம் இத்தனையில் காண்க" என்றும் போட்டுவிடுங்கள். கூப்பிடும் முறையையும் பேருக்குப் பக்கத்தில் குறித்தால் சின்னப் பிள்ளைகளுக்கு உதவும்.

கைவசம் ஒரே ஒரு போட்டோதான், அதுவும் கண்ணாடியில ஒட்டிக்கிச்சு.

பிய்க்காதீர்கள், படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே, பக்கவாட்டு வெளிச்சத்தில், நேராக வைத்துப் படம் எடுங்கள். பழைய படத்தை லேமினேட் செய்ய வேண்டாம், சூடு பட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஸ்டூடியோவில் கொடுத்து முகத்தை வெளுப்பாக்கி, பட்டுப்புடவை மாட்டி, பின்னால் மலை அருவி வைக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். கல்யாண ஆல்பங்களைத் தேடுங்கள், யாரோ ஒருவர் வீட்டுப் பந்தியில் பரிமாறிக்கொண்டு நிற்பார்.

பதினாறாம் நாளுக்குள்ள நினைவு மலர் அடிக்கணும். நேரமே இல்லை. எதை முதல்ல செய்யறது?

பதினாறு பக்கம் போதும். பிறந்த வீடு, புகுந்த வீடு, பிள்ளைகள் வரிசை, ஐந்தாறு பேர் சொன்ன ஆளுக்கொரு சம்பவம், இரண்டு படம். தலைவர்களுக்குப் போடுவது போன்ற இரங்கல் கவிதையை விட்டுவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாளுக்கு அடிக்கும் மலர்களில் திதி வெண்பா என்று ஒன்று இருக்கும். இறந்த வருஷம், மாதம், பட்சம், திதி நான்கும் நாலு வரிக்குள் அடங்கிவிடும். வெண்பா எழுத ஆள் இல்லாவிட்டாலும் அந்த நான்கையும் உரைநடையில் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் திதி கொடுக்கும்போது யாரும் காலண்டரைத் தேட வேண்டாம்.

கடைசியில் கோடு போட்ட வெற்றுப் பக்கங்கள் விடுங்கள். காரிய வீட்டில் வந்து போகிறவர்கள் பேனா வாங்கி எழுதுவார்கள்.

அவங்க சொன்னதும் பெரியப்பா சொல்றதும் ஒத்துப்போகலை. எது நிஜம்?

தேதி, விலை என்றால் மேலே சொன்ன வழிகளில் சரிபாருங்கள். "யார் தப்பு" என்ற விஷயம் என்றால் இரண்டையும் சொன்னவர் பேரோடு எழுதுங்கள். தீர்ப்புச் சொல்ல நீங்கள் பஞ்சாயத்துக்காரர் அல்ல.

சொத்துச் சண்டை, ரெண்டாம் தாரம், அவங்க மருமகளைப் படுத்தினது... இதையும் எழுதணுமா?

இரண்டாம் தாரம் வந்ததை மறைத்தால் பிள்ளைகள் வரிசையே தப்பாகிவிடும், அதனால் எழுதத்தான் வேண்டும். நடந்து முடியாத வழக்கை எழுத வேண்டாம், அது வக்கீல் வேலை. மருமகளைப் படுத்தியதை, அந்த மருமகள் சம்மதித்தால், அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். எங்கள் சின்ன மருமகள் சொன்னதைக் கேட்டு அப்பாவுக்குக் கோபம்தான். ஆனால் அது இருப்பதால்தான் மற்ற பாராட்டுகளை வெளியாட்கள் நம்புகிறார்கள்.

வேலைக்கு வந்தவங்களுக்குக் கொட்டாங்குச்சியிலதான் கஞ்சி ஊத்துவாங்க. இப்ப அதைச் சொல்ல வெட்கமா இருக்கு.

வெட்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் எழுதுங்கள். கள்ள மரக்காலும் இதே கதையில் ஒரு பகுதிதான். தஞ்சை மாவட்டத்தில் கூலிக்காகச் சண்டை நடந்த காலம் அது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்தச் சமயத்தில் நிலம் வைத்திருந்த வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால் பல பாட்டிமார்கள் பேச்சை மாற்றுவார்கள். மாற்றினார் என்பதையே எழுதலாம்.

"அந்தக் காலம் அப்படி" என்று நீங்களாக ஒரு வரி சேர்க்க வேண்டாம். முடிந்தால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள் வீட்டுக்கும் போய் அவர்கள் நினைவைக் கேளுங்கள். சொல்ல விரும்பாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

"இதை யாருகிட்டயும் சொல்லாதே"ன்னு ஒரு விஷயம் சொன்னாங்க. இப்ப அவங்க இல்லை. எழுதலாமா?

அந்த விஷயத்தால் இன்று உயிரோடு இருக்கும் ஒருவருக்குப் பாதிப்பு உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால் எழுதவே வேண்டாம், பதிவிலிருந்தும் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மற்றவர்களுக்குக் கொடுங்கள். யாருக்கும் பாதிப்பு இல்லை என்றாலும் நான் அச்சில் போட மாட்டேன். பலர் இதை ஒத்துக்கொள்வதில்லை, "வரலாறு போயிடுமே" என்கிறார்கள். போனால் போகட்டும், அவர் உங்களை நம்பித்தானே சொன்னார்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பரம்பரை நோய், இன்னொரு குழந்தையைத் தத்துக் கொடுத்தது போல அடுத்த தலைமுறைக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம் என்றால், சம்பந்தப்பட்டவரை மட்டும் தனியாக அழைத்து நேரில் சொல்லுங்கள். போனில் வேண்டாம்.